வீட்டுக் கணினித் தொலை அணுக்கம்

ரௌட்டருக்குப் பின்னால் உள்ள வீட்டுக் கணினியை வெளியிலிருந்து இணையம் வழியே இயக்கும் ஏற்பாடு. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கும் கணினியை அம்பத்தூர் தொழிற்பேட்டை அலுவலகத்திலிருந்து திறந்து கோப்பெடுப்பது இதன் எளிய வடிவம்.

ரௌட்டர் வீட்டுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகளைத் தருகிறது. வெளி இணையத்தில் இவை செல்லா. எனவே வெளியிலிருந்து வரும் இணைப்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என ரௌட்டரில் குறித்துவைக்க வேண்டும். இதுவே போர்ட் ஃபார்வர்டிங். விண்டோஸின் தொலை அணுக்க வசதியான ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் 3389. விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள கணினியை ரிமோட் டெஸ்க்டாப் வழியே அணுக முடியாது. இதைப் பலர் எல்லாம் அமைத்து முடித்த பிறகே அறிகிறார்கள்.

பெரிய சிக்கல் வேறு. ஐபிவி4 முகவரிகள் போதாததால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொதுமுகவரியின் கீழ் வைப்பதுண்டு. ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நிலைமை இதுதான்; இவ்வரிசை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அப்போது ரௌட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை. நிறுவனத்திடம் தனிப் பொதுமுகவரி கேட்கலாம். ஐபிவி6 அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவையையும் நாடலாம்.

3389-ஐ நேரடியாகத் திறந்துவைப்பது அறிவீனம். 2019 மே மாதம் வெளியான ப்ளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை, பழைய விண்டோஸ்களில் கடவுச்சொல்லே இன்றி நுழைய வழிவிட்டது. வயர்கார்டு வழி விபிஎன் பாதுகாப்பானது. மோசடியும் உண்டு: 2019 பிப்ரவரியில், எனிடெஸ்க் என்னும் தொலை அணுக்கச் செயலியை நிறுவச்செய்து பணம் பறிப்பது பற்றி ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அவ்வாறு ஏமாந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்கவும்.