எஞ்சின் மாற்றிய லொறி: சென்சர் வாங்கமுன் வயரைப் பாருங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், பழைய லொறிக்கு எஞ்சின் மாற்றி ஓடுவதே வன்னியில் பலருக்கு வழியானது. மாற்றியதும் வேகமானி நின்றால், ஓட்டோ கியர் மாறாவிட்டால், சென்சருக்கு முன் வயரிங்கைச் சந்தேகியுங்கள்.

எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் ஏர்த் வயர் திரும்பப் பூட்டப்பட்டதா? வயர்களை நிறம் பார்த்து இணைக்காமல், வரைபடத்தின் பின் இலக்கப்படி இணையுங்கள்.

பற்றரியையும் வயரின் இரு முனைச் சொக்கெற்றுகளையும் கழற்றி மல்டிமீற்றரால் அளவுங்கள். சில ஓமுக்கு மேல் காட்டினால் வயர் பழுது. சேசிஸுடன் தொடர்பு காட்டினால் எங்கோ உரசியுள்ளது.

இரண்டு வயர்ச் சென்சர் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. பின்சக்கரம் சுழலும்போது ஏசி வோல்ற் தரும். மூன்று வயரென்றால் பெரும்பாலும் ஹோல் வகை: மின், ஏர்த், சிக்னல். வயர்கள் சரியாக இருந்தும் சிக்னல் வராவிட்டால் மட்டும் புதிய சென்சருக்குக் காசு கொடுங்கள்.