குழலாசிரியன்: சிலம்பு முதல் சிதம்பரம் வரை

மாதவியின் அரங்கேற்றத்திற்கு வேண்டிய ஆசிரியர்களை அரங்கேற்று காதையில் நிரல்படுத்தும் இளங்கோவடிகள், ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முதல்வன் ஆகியோரை அடுத்துக் குழலோனை நிறுத்துகிறார். யாழாசிரியன் அவனுக்கும் பின்னரே வருகிறான். குழலோனிடம் அடிகள் வேண்டுவது விரல் வேகம் அன்று. குரலும் இளியும் ஒத்து நிற்பதைச் செவியால் உணர்தல், முழவின் போக்கறிதல், பாடுவோன் பாடிய இசையின் இயல்பை உள்வாங்கி எழுத்துப் பிசகாது குழலில் வெளிப்படுத்தல் ஆகியனவே அவனுக்குரிய தகுதிகள். அதாவது, குழலாசிரியன் முதலில் பாட்டறிந்தவன். இக்கருத்து பின்வந்த நூற்றாண்டுகளிலும் மாறவில்லை என்பதே இக்கட்டுரை சுட்ட விழைவது.

உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த அடியார்க்குநல்லார் உரை குழலின் அளவையும் கூறுகிறது. நீளம் இருபது விரல். சுற்றளவு நாலரை விரல். அடைத்த முனையிலிருந்து இரண்டு விரல் விட்டு ஊதுவாய். அதற்கப்பால் ஏழு விரல் வெற்றிடம். அடுத்த ஒன்பது விரலில் எட்டுத் துளைகள். எஞ்சிய இரண்டு விரல் திறந்த முனைக்கு. எட்டில் ஒன்று முத்திரை என்று நீக்கப்பட, ஏனைய ஏழில் ஏழு விரல்கள் இயங்கும். இன்று கருநாடக இசைக்குப் பயன்படும் குழலிலும் எட்டு விரல்துளைகளே உள்ளன. கடைசித் துளை பெரும்பாலும் மூடப்படாமலே கிடக்கிறது. வகுப்பறையில் இப்பகுதியை நடத்துவோர் ஒரு குழலையும் உடன் கொண்டுசெல்வது நலம். உரை உடனே விளங்கிவிடும்.

மங்கலம்பேட்டையில் நம் வட்டத்தின் கூட்டமொன்றில் இவ்வுரைப்பகுதி வாசிக்கப்பட்டபோது, அளவெல்லாம் நூலிலேயே இருக்க ஆசிரியர் எதற்கு என ஓர் இளைஞர் வினவினார். நல்ல வினா. துளையின் இடத்தை நூல் சொல்லும். உதட்டின் இடத்தைச் சொல்லாது. ஊதுவாயின் எதிர் விளிம்பில் மூச்சு பட்டுப் பிளந்தாலன்றி ஓசை பிறவாது. மூச்சு சற்று விரைந்தால் தாயி மாறிவிடும். வீணையில் மெட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. குழலிலோ மாணாக்கரின் உதட்டுக்கும் காற்றுக்கும் இடையே நிகழ்வதை ஆசிரியர் தம் செவியால் மட்டுமே கண்டு திருத்த வேண்டும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. தொடக்கப் பாடங்கள் மாயாமாளவகௌளையில் அமைந்தவை. குரலுக்கும் வீணைக்கும் ஏற்றவை. குழலில் அவ்விராகத்தின் ரிஷபத்தையும் தைவதத்தையும் துளையைப் பாதி திறந்துதான் பெற வேண்டும். துளைகளை முழுமையாகத் திறந்து மூடினால் இயல்பாகக் கிடைப்பது அரிகாம்போதி. பண்டைத் தமிழரின் செம்பாலை இதுவே என்பது இசையறிஞர் பலரின் முடிபு. ஆதலின் எந்த இராகத்தில் தொடங்குவது என்பதைக் குழலாசிரியரே தீர்மானிக்க வேண்டியதாகிறது.

குழலைத் தனிக் கச்சேரிக் கருவியாக நிலைபெறச் செய்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). கண்பார்வையற்ற அவர் எழுத்தின் துணையின்றி விரலடைவுகளை வகுத்தார். அவருடைய மாணாக்கர் பல்லடம் சஞ்சீவ ராவ். ஆசிரியரின்றிக் குழல் பயின்றவர் என மாலி எனும் டி.ஆர். மகாலிங்கத்தைச் சிலர் எடுத்துக்காட்டுவர். 1933இல் ஏழு வயதில் மயிலாப்பூரில் அரங்கேறிய அவருக்கும் மாமன் ஜால்ரா கோபாலையரிடம் வாய்ப்பாட்டுப் பயிற்சி இருந்தது. பாட்டாசிரியர் இல்லாத மாலி இல்லை.

நாகசுர மரபில் தோன்றிய திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை குழலைப் பாடவைத்தவர். அவரிடம் சிறுவயதிலேயே பயிலத் தொடங்கிய டி. விசுவநாதன், வீணை தனம்மாளின் பேரர்; நடனமணி பாலசரசுவதியின் தம்பி. 1958இல் அமெரிக்கா சென்று, பின்னர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 2002இல் மறையும்வரை கற்பித்தார். குழலைத் தாழ்த்திவிட்டு அதே அடியைப் பாடிக்காட்டுவது அவர் வழக்கம். சிலம்பின் குழலோனுக்கு இதைவிட நெருங்கிய உருவம் எனக்குத் தெரியவில்லை.

பெண்களுக்குக் குழல் வீட்டுக்குள்ளிருந்து கிடைத்தது. சிக்கில் குஞ்சுமணி தம் உறவினர் ஆழியூர் நாராயணசாமி ஐயரிடம் கற்றார். தங்கை நீலா அக்காளிடம் கற்றார். இசைக்குடியில் பிறவாத பெண் எங்கே போவாள்? மாதவிக்குக் குழலோனைத் தேடித் தந்த காப்பியத்தைப் படிக்குந்தோறும் இவ்வினா எழுகிறது.

இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் தோற்றுவித்த இசைக்கல்லூரி, குடும்பத்திற்கு வெளியே ஆசிரியரைத் தேடுவோர்க்கு வாயில் திறந்தது. 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் அண்ணாமலை நகரிலேதான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் பின்னர் வந்தன. அவற்றில் வழக்கமாகக் கற்பிக்கப்படுபவை குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம். அரங்கேற்று காதை யாழுக்கு முன் வைத்த குழல் இவ்வரிசையில் இல்லை. மங்கலம்பேட்டைச் சிறுமி ஒருத்தி குழல் பயில விரும்பினால், விருத்தாசலம் சென்று சிதம்பரத்திற்குப் பேருந்து மாற வேண்டியதுதான்.