முக்கோண வலை பிறந்த கதை

சுவாமிமலைப் பட்டறையில் அச்சை உடைத்தால்தான் சிலை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து பிடித்த உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைப்பார்கள். சூடுகாட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகம் இறங்கும். ஆறியபின் மண்ணை உடைத்துப் பார்க்கையில் உள்ளே குழி விழுந்திருந்தால், மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஊற்றுவதற்கு முன்பே உள்ளே எட்டிப்பார்க்க வழியுண்டா?

உண்டு. உருவத்தைத் துண்டுபோட்டு, உலோகம் உறைவதைக் கணக்கிட வேண்டும். பங்கு பிரிப்பது ஸ்தபதிக்குப் புதிதல்ல: சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, பங்கு பங்காக மடித்த ஒடியோலைதான் அவருடைய அளவுகோல். அது அளவுக்கான பிரிப்பு. கணக்குக்கான பிரிப்பு வேறிடத்தில் பிறந்தது.

1943இல் கணிதவியலாளர் ரிச்சர்ட் கூரான்ட், முறுக்கப்படும் தண்டின் குறுக்குவெட்டை முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். யோசனை அப்படியே கிடந்தது. போயிங்கின் விமான இறக்கைக் கணக்குக்காக டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் 1956இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு உயிர் கொடுத்தது. இந்த முறைக்கு ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்று 1960இல் பெயரிட்டவர் கிளஃப்.

முதலில் இந்த முக்கோண வலையை மனிதர்களே தாளில் வரைந்து, புள்ளி புள்ளியாகக் கம்ப்யூட்டர் கார்டில் துளையிட்டார்கள். பிறகு அந்த வேலையும் மென்பொருளுக்குப் போயிற்று. எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள்ளும் வேறொரு புள்ளி வரக்கூடாது என்று ரஷ்யரான டெலோனே 1934இல் சொன்ன விதி அதற்குக் கைகொடுத்தது. கூசேனும் ரெமாக்கிளும் தொடங்கிய ‘ஜிமெஷ்’ என்ற வலை மென்பொருள் இன்று எவருக்கும் இலவசம். நம் நாட்டிலும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ‘ஃபீஸ்ட்’ மென்பொருளை உருவாக்கியது; மும்பை ஐஐடியில் வார்ப்புக்கென்றே ‘ஆட்டோகாஸ்ட்’ பிறந்தது.

சிலை வார்ப்புக்கு இந்த வேலை நான்கு படி: உருவம், வலை, கணக்கு, படம். சிக்கல் இரண்டாம் படியில். சிலையின் விரல் நுனியில் வலைக்கண் பொடியாக இருக்க வேண்டும். பீடத்தில் பெரிதாக இருந்தாலும் போதும். எல்லா இடத்திலும் பொடியாக்கினால் கணக்கு முடியாது. விரலில் பெரிதாக்கினால் விரலே காணாமல் போகும். கணக்கு முடிந்தால் மெல்லிய விரல் முதலில் உறைவதும், பருத்த பீடம் கடைசியில் உறைவதும் படத்தில் தெரியும். கடைசியில் உறையும் இடத்தில்தான் உலோகம் சுருங்கிக் குழி விழும். அங்கே கூடுதல் உலோகம் போய்ச்சேர வழி வைக்க வேண்டும்.

வண்ணப் படத்தைக் கண்டு மயங்க வேண்டாம். வலைக்கண்ணைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை மாறாவிட்டால் உலையை மூட்டலாம்.