தோளுக்கு வந்தது காதோடு போச்சு – துப்பாக்கி வாயில் ஒரு பிரேக் வந்த கதை

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், அங்கே ஒரு முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் இருக்கு. தக்காளிக் கூடைக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவுல நிக்கறதால பாதிப் பேர் கண்ணுல படாது. வருஷத்துக்கு ஒரு நாள், நவம்பர் 11 அன்னைக்கு மட்டும் மாலை மரியாதை நடக்கும். மத்த நாளெல்லாம் வெங்காயச் சருகுதான் மரியாதை.

எங்க மாமா பட்டாளத்துல இருந்து வந்தப்புறம் இந்த மார்க்கெட்டுல ஒரு மண்டியில பல வருஷம் கணக்குப்பிள்ளையா இருந்தார். அவர்கிட்ட ஒரு வினோதப் பழக்கம். எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் சுவர் இருக்கணும். ஏன்னா இடது காது கேட்காது. யாராவது அந்தப் பக்கம் நின்னு விலை சொன்னா "என்னாது?"ன்னு முழு உடம்பையும் திருப்புவார். மண்டியில அவரை 'திருப்பதி'ன்னு கூப்பிடுவாங்க, திரும்பிக்கிட்டே இருப்பாராம் :)

சின்ன வயசுல எனக்கு ஒரு சந்தேகம். துப்பாக்கி சுட்டதால காது போச்சுன்னா ரெண்டு காதும்தானே போகணும்? அதென்ன இடது மட்டும்? பதில் சுலபம். வலது கைக்காரர் கட்டையில வலது கன்னத்தை வைச்சு குறி பார்க்கும்போது, இடது காது குழல் வாயைப் பார்த்த மாதிரி இருக்கும். வலது காதுக்குத் தலையே மறைப்பு. பழைய பட்டாளத்துக்காரங்க பல பேருக்கு இடது காதுதான் முதல்ல மந்தமாகும்.

இந்தப் பதிவு அந்தக் காதைப் பத்தினதுதான். ஆனா கொஞ்சம் சுத்திக்கிட்டுத்தான் வருவேன், பொறுத்துக்குங்க. மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டுற என்னை மாதிரி ஆளுங்களுக்கு நியூட்டனைப் பேச வாய்ப்புக் கிடைக்கறதே அபூர்வம்.

நியூட்டனின் மூன்றாம் விதியும் ஒரு தோள்பட்டையும்

முதல் உலகப் போர்ல நம்ம ஆட்கள் கையில இருந்தது பாயிண்ட் 303 லீ என்ஃபீல்டு. துப்பாக்கி எடை சுமார் 4 கிலோ. குண்டு 11.3 கிராம், வேகம் வினாடிக்கு 744 மீட்டர். பெருக்கினா உந்தம் 8.4 வரும். அதோட முடியலை. உள்ளே எரிஞ்ச மருந்து சுமார் 2.4 கிராம், வாயுவாகி குண்டை விட வேகமா வெளியே பாயும். அது ஒரு 3 சேர்க்கும். ஆக மொத்தம் 11.4. இதை 4 கிலோவால வகுத்தா, துப்பாக்கி வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்துல பின்னாடி வரும். அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல 4 கிலோ இரும்பு தோள்ல மோதுது.

குண்டு தர்ற உதையை ஒண்ணும் பண்ண முடியாது, குண்டு முன்னாடி போகணும் இல்லையா? ஆனா வாயு? அது முன்னாடி போய் யாருக்கு என்ன லாபம்? அதைப் பக்கவாட்டிலோ பின்பக்கமாவோ திருப்பி விட்டா, அந்தப் பங்கு உதை குறையும். பின்னாடி திருப்பினா துப்பாக்கியை முன்னாடியும் இழுக்கும். இதுதான் மஸில் பிரேக். குழல் வாயில மாட்டுற, ஓட்டையோ தடுப்போ உள்ள ஒரு இரும்புத் துண்டு. அவ்வளவுதான் விஷயம்.

பீரங்கியில் தொடங்கியது

இந்த யோசனையை முதல்ல செஞ்சு பார்த்தவர்னு சொல்லப்படறவர் 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு பீரங்கி அதிகாரி ட்ரேய் டி போலியு. குழல் வாய்ப் பக்கத்துல சாய்வா ஓட்டை போட்டுப் பார்த்தார். அப்போ அது பெரிசா பரவலை.

கைத்துப்பாக்கி பக்கம் வந்தா, 1920-களில் அமெரிக்காவுல கட்ஸ் காம்பன்சேட்டர். கர்னல் ரிச்சர்ட் கட்ஸ் அப்பாவும் பையனுமா சேர்ந்து செஞ்சது. 1928 மாடல் தாம்சன் துப்பாக்கியில மாட்டினாங்க. பழைய மாஃபியா படத்துல வட்ட மேகசினோட வருமே, அந்தத் துப்பாக்கிதான். இதுல மேல் பக்கம் மட்டும் வெட்டு இருக்கும். வாயு மேலே பாயும், குழல் மேலே எகிறாம கீழே அமுங்கும். உதையைக் குறைக்கறதை விட எகிறலை அடக்கறதுதான் இதன் வேலை.

1937-ல வந்தது பிரிட்டனோட பாய்ஸ் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி. 13.9 மி.மீ. குண்டு, 16 கிலோ எடை. ரெண்டாம் உலகப் போர்ல இந்தியப் படைகள் கையிலும் இருந்தது. அந்தக் குண்டை பிரேக் இல்லாம ஒரு மனுஷன் தோள்ல வச்சு சுட முடியாது. முதல் மாடல்ல வட்டமான பிரேக். பின்னாடி வந்ததுல தட்டையா, மவுத் ஆர்கன் மாதிரி பக்கவாட்டு ஓட்டைகள். ஏன் மாத்தினாங்க? தரையில படுத்துச் சுடும்போது, வட்டப் பிரேக் கீழேயும் வாயுவை அடிச்சுப் புழுதியைக் கிளப்பும். சுட்டவன் எங்கே இருக்கான்னு எதிரிக்கு அந்தப் புழுதியே கடுதாசி போட்டுச் சொல்லிடும்.

சோவியத் பக்கம் 1959-ல ஏ.கே.எம். வாயைச் சாய்வா வெட்டின ஒரு குட்டித் துண்டு, அவ்வளவுதான். மேல்-வலது பக்கம் எகிறலைச் சரிக்கட்டும். 1974-ல ஏ.கே. 74 வந்தப்போ சின்ன குண்டு, பெரிய பிரேக். சுடறவனுக்குச் சொர்க்கம். பக்கத்துல படுத்திருக்கறவனுக்குத்தான் நரகம்.

1982-ல அமெரிக்காவுல ரோனி பாரெட் செஞ்ச எம் 82. அரை அங்குலக் குண்டு. வாயில அம்பு முனை மாதிரி ரெண்டு அறை உள்ள பிரேக். வாயு பின்பக்கமா சாய்ஞ்சு பாயும். இன்னைக்கு நீங்க சினிமாவுல பார்க்கிற 'பெரிய ஸ்னைப்பர்' எல்லாத்துக்கும் இந்த மூக்குதான் அடையாளம்.

நம்ம ஊரு விஷயம்

காந்தி மார்க்கெட்டுல இருந்து பஸ் ஏறினா நவல்பட்டு ரொம்ப தூரம் இல்லை. அங்கே இருக்கறது துப்பாக்கித் தொழிற்சாலை. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1966-ல தொடங்கினது. 2021 அக்டோபர் 1-ல நாட்டிலுள்ள ஆயுதத் தொழிற்சாலைகளை 7 நிறுவனங்களாப் பிரிச்சப்போ, இது கான்பூரைத் தலைமையிடமாக் கொண்ட நிறுவனத்தின் கீழே போச்சு. திருச்சி அசால்ட் ரைஃபிள்னு ஊர் பேரையே துப்பாக்கிக்கு வச்சவங்க.

2000-களின் நடுவுல இங்கேதான் 'வித்வன்சக்' செஞ்சாங்க. ஆளைச் சுட இல்லை. வண்டி, ரேடார், பதுங்குகுழி மாதிரி பொருட்களைத் தூரத்துல இருந்து உடைக்கறதுக்கு. இதோட முன்கதை சுவாரசியம். தென்னாப்பிரிக்காவோட டெனல் நிறுவனத்துக்கிட்ட என்.டி.டபிள்யூ. 20 துப்பாக்கியைத்தான் இந்தியா வாங்கிட்டு இருந்தது. 2005-ல லஞ்சப் புகார் கிளம்பி வியாபாரம் நின்னு போச்சு (பின்னாளில் அந்தத் தடை விலக்கப்பட்டது). அப்புறம்தான் அதே பாணியில நம்ம ஊர்த் தயாரிப்பு. குழலை மாத்தி மாத்தி 12.7, 14.5, 20 மி.மீ. மூணு அளவு குண்டும் சுடலாம். அந்த 20 மி.மீ. குண்டு, ரெண்டாம் உலகப் போர் ஜெர்மன் விமானங்கள்ல இருந்த பீரங்கியோடது! விமானத்துல பூட்டின குண்டை ஒரு மனுஷன் தோள்ல வச்சுச் சுடணும்னா சும்மாவா?

கணக்கு போட்டுப் பார்ப்போம். 14.5 மி.மீ. குண்டு 64 கிராம், வேகம் வினாடிக்கு சுமார் 1,000 மீட்டர். உந்தம் 64. மருந்து சுமார் 30 கிராம், அதோட பங்கு 39. மொத்தம் 103. துப்பாக்கி எடை 25 கிலோன்னு வச்சுக்கிட்டா உதை ஆற்றல் 212 ஜூல். லீ என்ஃபீல்டுக்கு 16 ஜூல்தான். 13 மடங்கு! இப்போ பிரேக் போட்டு வாயுவோட பங்கை மட்டும் இல்லாமப் பண்ணினா 82 ஜூலுக்கு வந்துடும். உந்தம் 38 சதவீதம்தான் குறைஞ்சது, ஆற்றல் 60 சதவீதம் குறைஞ்சுது. வர்க்கத்தோட மகிமை. மிச்சத்தை ஷாக் அப்சார்பர் பார்த்துக்கும்.

இதுல இன்னொரு பாடமும் இருக்கு. மருந்து எவ்வளவு அதிகமோ, பிரேக்குக்கு அவ்வளவு வேலை. லீ என்ஃபீல்டுல வாயு பங்கு கால்வாசி. இதுல ஐந்துல ரெண்டு பங்கு. கிளப்புல சுடற பாயிண்ட் 22-ல மருந்து ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்கு கூட இல்லை. அங்கே பிரேக் மாட்டறது, மாட்டு வண்டிக்கு ஏ.பி.எஸ். வைக்கற மாதிரி.

எது நல்லது?

குறி தவறாத சுடுதலுக்கு எந்த வகை உசத்தி? எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

சுத்திலும் ஓட்டை போட்டது: கடைசல் வேலை சுலபம், எந்தக் கோணத்துல மாட்டினாலும் ஒண்ணுதான். ஆனா புழுதி கிளப்பும்.

பக்கவாட்டுத் தடுப்பு: உதை நல்லாக் குறையும், புழுதி இல்லை. பக்கத்து ஆளுக்கு அடி.

பின்சாய்வு: உதை குறையறதுல ராஜா. சத்தம் நேரா சுடறவன் மூஞ்சிக்கே திரும்பும்.

மேல்வெட்டு: குழல் எகிறாது. தோளுக்குப் பெரிய லாபம் இல்லை.

ஒரு பொதுவான தப்பு: பிரேக் போட்டா குண்டு நேராப் போகும்னு நினைக்கறது. அப்படி இல்லை. பிரேக்கோட ஓட்டையும் குழலும் ஒரே அச்சுல இல்லைன்னா, வாயு ஒரு பக்கமா அடிச்சு குண்டைத் தள்ளி விடும். அப்புறம் பிரேக் எதுக்கு? சுட்டப்புறம் டெலஸ்கோப் இலக்கை விட்டு நகராம இருந்தா, குண்டு எங்கே பட்டதுன்னு நாமே பார்த்துக்கலாம். அடுத்த குண்டைத் திருத்தலாம். அதைவிட முக்கியம், உதைக்குப் பயந்து விசையை வெடுக்குனு இழுக்கற பழக்கம் வராது.

ஆனா ஒலிம்பிக் விதி எழுதறவங்க இதை ஒத்துக்கலை. சர்வதேச விதிப்படி ரைஃபிள் போட்டிகள்ல மஸில் பிரேக்குக்கும் காம்பன்சேட்டருக்கும் தடை. 300 மீட்டர் பெரிய ரைஃபிளுக்கும் சேர்த்துத்தான். 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினது காத்துத் துப்பாக்கியில. அதுல உதையே கிடையாது, சரி. 2022 ஜூலையில நடிகர் அஜித் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு மாநிலப் போட்டிக்கு வந்தப்போ ஊரே கூடிச்சே, அதுக்கப்புறம்தான் எனக்கும் இந்தக் கிறுக்கு பிடிச்சது (மத்தபடி தலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை).

சும்மாடு

மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவங்களைப் பார்த்திருப்பீங்க. தலையில சும்மாடு இருக்கும். சும்மாடு எடையைக் குறைக்காது, பரப்பி வைக்கும். துப்பாக்கிக் கட்டையில இருக்கற ரப்பர் அதுதான். பிரேக் வேற. அது மூட்டையில பாதியை எடுத்து வேற யார் தலையிலோ வைக்கறது. யார் தலை? காது.

140 டெசிபலைத் தாண்டின ஒரே ஒரு வெடிச்சத்தம் காதை நிரந்தரமாக் கெடுக்கப் போதும். சாதாரண ரைஃபிளே அதைத் தாண்டும். பிரேக் மாட்டினா சுடறவன் காதுல இன்னும் சில டெசிபல் ஏறும். டெசிபல் கணக்குல 3 கூடினாலே ஆற்றல் இரட்டிப்பு. பல வருஷம் தோளுக்குத்தான் கணக்கு போட்டாங்க. இப்போதான் காத்து திரும்புது. 2022-ல அமெரிக்க ராணுவம் புது ரைஃபிள் தேர்ந்தெடுத்தப்போ, சத்தம் குறைக்கற குழாயையும் சேர்த்தே வாங்கினாங்க.

போன மாசம் மாமாகிட்ட இந்தக் கணக்கையெல்லாம் பேப்பர்ல போட்டுக் காட்டினேன். அவர் காலத்து எஸ்.எல்.ஆர்.ல பிரேக் கிடையாது, தீப்பொறி மறைக்கறது மட்டும்தான். பிரேக் இல்லாமலே அவர் காது போச்சு. அப்போ காதுல பஞ்சு வைக்கறதே கூச்சமாம். பொறுமையாக் கேட்டுட்டு, "நீ கிளப்புல சுடறப்போ காதுக்கு என்ன போடுறே மாப்ளே?"ன்னார்.

"அது சின்னத் துப்பாக்கி மாமா, ஒண்ணும்..."

"என்னாது?"

எழுந்து வலது பக்கம் போய், "ஒண்ணும் போடறதில்லை மாமா"ன்னு சொன்னேன்.

பேப்பரை மடிச்சு என் சட்டைப்பையில வச்சார். "தோளு ரெண்டு நாள்ல ஆறிடும்டா. காது ஆறாது. இத்தனை கணக்கு போட்டியே, இதைப் போடலியே."

அன்னைக்கு சாயங்காலமே இயர் மஃப் ஆர்டர் பண்ணிட்டேன். பில்லை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். கட்டை விரல் மட்டும் பதிலா வந்துச்சு.

டிஸ்கி: உதைக் கணக்குகள் தோராயமானவை. வாயு வேகத்தை வினாடிக்கு 1,200 முதல் 1,300 மீட்டர்னு வச்சுப் போட்டிருக்கேன். பிசிக்ஸ் வாத்தியார்கள் மன்னிக்க.