மருத்துவ மாணவர்களுக்கான தடுப்பூசி விதிகளின் வரலாறு

மருத்துவமும் செவிலியமும் பயில்வோர், நோயாளிகளிடம் பயிற்சி பெறத் தொடங்கும் முன் சில தடுப்பூசிகளைப் போட்டிருக்க வேண்டும் என்னும் விதி பல நாடுகளில் உள்ளது. நோயாளிகளைக் காப்பதும் இதன் நோக்கமே. எனினும், இவ்விதிகள் உருவாக முக்கியக் காரணம், பயில வந்தவர்களே நோய்க்கு ஆளானதாகும்.

ஆஸ்லோவில் கண்ட உண்மை

பெரியவர்களுக்கு வரும் காசநோய், குழந்தைப் பருவத்தில் தொற்றிய கிருமி மீண்டும் தலைதூக்குவதால் உண்டாகிறது என்பதே 1920களில் பரவலாக இருந்த கருத்து. அதனால் மருத்துவமனைப் பணியைப் பலரும் ஆபத்தாகக் கருதவில்லை. நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் உள்ள உல்லெவோல் மருத்துவமனை மருத்துவர் ஜோஹன்னஸ் ஹைம்பெக், 1924 முதல் செவிலிய மாணவியருக்கு டியூபர்குலின் தோல் சோதனை செய்துவந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அதுவரை காசநோய்க் கிருமி தொற்றியிருக்கவில்லை. மூன்றாண்டுப் பயிற்சி முடிவதற்குள் அவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றியது. நோயுற்றவர்களிலும் அவர்களே மிகுதி. நோய் வார்டிலிருந்தே வந்தது என்பது தெளிவாயிற்று.

பிரான்சில் கால்மெட், குவேரின் ஆகியோர் உருவாக்கிய பி.சி.ஜி. தடுப்பூசி 1921இல் முதன்முதலாக மனிதருக்குத் தரப்பட்டிருந்தது. விரும்பிய மாணவியருக்கு ஹைம்பெக் அதைப் போட்டார். போட்டுக்கொண்டோரிடையே காசநோய் குறைந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்பயன் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பகுதியில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை எனத் தெரிந்தது. மாணவர்களுக்கு பி.சி.ஜி. போடும் வழக்கம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதற்கு இத்தகைய முரண்பட்ட முடிவுகளும் காரணமாகும்.

ஊசி முனையில் ஆபத்து

ஹெபடைடிஸ் பி இரத்தத்தின் வழியே பரவும் கல்லீரல் நோய். தடுப்பூசி போடாத ஒருவரை, கிருமி மிகுந்த இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு. எச்.ஐ.வி.க்கு இது ஏறக்குறைய 0.3 விழுக்காடுதான். இரத்தம் எடுக்கவும் தையல் போடவும் அப்போதுதான் பழகும் மாணவருக்குக் கை தவறுவது எளிது.

இந்நோய்க்கான தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1981இல் அனுமதி கிடைத்தது. தொழிலாளர்க்கு அதை முதலாளிகள் இலவசமாக அளிக்க வேண்டும் என 1991இல் அங்கு விதி வந்தது. ஊதியம் பெறாத மாணவர் தொழிலாளர் அல்லர் என்பதால் அவ்விதி அவர்களைச் சேரவில்லை. அவர்களுக்கான நிபந்தனைகளைக் கல்லூரிகளும் மாநிலங்களுமே வகுக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில்

ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997இல் உள்நாட்டிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியபின் இத்தடுப்பூசியின் விலை வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் 2011இல்தான் இது நாடு முழுவதும் சேர்ந்தது. எனவே அதற்குமுன் பிறந்த பலருக்குக் குழந்தைப் பருவத்தில் இது கிடைத்திராது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் மருத்துவப் பணியாளர்களுக்கும் இதை அளிக்கிறது.

வழக்கமான முறையில் முதல் தவணை, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது எனப் போடப்படுகிறது. பின்னர் இரத்தப் பரிசோதனையால் எதிர்ப்பாற்றல் உண்டானதா என்று பார்க்கலாம். சிலருக்கு மூன்று தவணைக்குப் பிறகும் அது உண்டாவதில்லை. வார்டுக்குச் செல்லும் நாளில் தொடங்கினால் முழுப் பாதுகாப்பு கிடைக்க அரையாண்டுக்கு மேல் ஆகும். கல்லூரியில் சேர்ந்தவுடனேயே முதல் தவணையைப் போடச் சொல்வது இதனால்தான்.