சுவர் மண்ணைத் தொடும் இடம்

மாதிரி ரயில்பாதைகளின்ர படங்களைப் பார்க்கும்போது ஒரு விசயம் கண்ணில குத்தும். ரயில் அச்சொட்டா இருக்கும், பாலமும் மலையும் நல்லா இருக்கும். ஆனா ஸ்ரேஷன் மட்டும் மேசையில வைச்ச கேக் பெட்டி போல நிக்கும். உத்துப் பார்த்தா காரணம் விளங்கும். சுவரின்ர அடிக்கும் நிலத்துக்கும் நடுவில ஒரு மெல்லிய இடைவெளி, அதுக்குள்ளால வெளிச்சம் தெரியுது. நிஜக் கட்டடத்துக்கு அத்திவாரம் மண்ணுக்குள்ள போகும். சுவரடியில புல் முளைக்கும், மழைச்சேறு தெறிக்கும். அந்த ஒரு மில்லிமீற்றரை மூட மனுசர் பழகின கதைதான் இது.

தொடக்கத்தில அதை மூட வேண்டிய தேவையே இருக்கேல்லை. 1891இல் ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம் தண்டவாள அளவுகளை ஒழுங்குபடுத்தி ரயில் செற் விற்கத் தொடங்கியது. அந்தக் காலத்து ஸ்ரேஷன்கள் தகரம், மேல பளபள பெயின்ற். விளையாடி முடிய எடுத்து வைக்கிற சாமான்தானே.

மாற்றத்துக்கு ஒரு பெயர் சொல்லச் சொன்னா நாங்கள் ஜோன் ஏர்ன் எண்டுதான் சொல்லுவம். இங்கிலாந்துக்காரர். 1930களின் பிற்பகுதியில் ‘மாடர் பள்ளத்தாக்கு ரயில்வே’ எண்ட பாதையை வீட்டில கட்டத் தொடங்கினார். ரயிலை ஒரு ஊருக்குள்ளால ஓட விட்டதுதான் அவர் செய்த புதுமை. அட்டையில வீடு, கடை, ஆலை எல்லாம் செய்து, நிலத்தை அதுகளோட சேர்த்தே வளர்த்தார். நிறங்களை மங்க விட்டார், இன்ஜினைக்கூட அழுக்காக்கினார். கட்டடங்களில பல பிரித்தானியாவின் வெவ்வேறு மூலைகளில உண்மையா நின்றவை. பள்ளத்தாக்கு மட்டும் முழுக்கக் கற்பனை. 1950இல் கட்டடங்கள் செய்யிறது பற்றியும், அடுத்த ஆண்டு நிலக்காட்சி பற்றியும் புத்தகம் எழுதினார்.

அமெரிக்காவில் ஜோன் அலன் இந்த அழுக்கை இன்னும் தூரம் கொண்டு போனார். அவர் புகைப்படக்காரர் எண்டபடியால் ஒளி என்ன செய்யும் எண்டு தெரியும். கண்ணாடிகளை மறைச்சு வைச்சு இடத்தைப் பெரிசாக் காட்டினார். (அவற்ற பாதையில ஒரு டைனோசரும் பெட்டி இழுத்தது. யதார்த்தத்தில ஊறின ஆக்களுக்கும் பகிடி வேணும்தானே.) 1973 ஜனவரியில் அவர் இறந்து சில நாட்களில அந்தப் பாதை தீயில போட்டுது. மிஞ்சினது பெரும்பாலும் படங்கள்தான்.

ஏர்னின் பாதை தப்பிச்சது. இப்ப அது இங்கிலாந்தின் லோங் விற்றன்ஹாம் கிராமத்தில, 1954இல் தொடங்கின பென்டன் நூதனசாலையில இருக்கு. அதைத் தொடங்கின றோய் இங்லன்ட் 1925இல் ஒஸ்ரேலியாவிலிருந்து வந்த இளைஞர். வந்தது ரயில் மோகத்தில. ஆனா வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் குடிசைகளில வைக்கோல் கூரைகள் கழற்றப்பட்டு, புதுக் கூரைகள் ஏறுறதைக் கண்டார். இதெல்லாம் போறதுக்கு முதல் அளந்து வைக்கவேணும் எண்டு முடிவெடுத்தார்.

அளவு 1:76. ஒரு அடிக்கு 4 மில்லிமீற்றர், அதாவது 6 அடிக் கதவு 24 மில்லிமீற்றர்தான். சுவர் அட்டை. ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாக் கீறி நீர்வர்ணம் பூசுவினம். பக்கத்துக் கல்லுக்கும் இதுக்கும் நிறம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கவேணும். கூரைக்குச் சணல் நார். ஒரு குடிசைக்கு மாதக்கணக்கில, சிலவேளை வருசக்கணக்கில வேலை. பிறகு அதைத் தோட்டத்து மண்ணுக்குள்ள இறக்கி விளிம்பை மூடுவினம்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இதில ரெண்டு இடைஞ்சல். முதலாவது, அந்தக் கூரையைக் கழற்றின ஆக்கள் ஏன் கழற்றினவை? வைக்கோல் தீப்பிடிக்கும், திரும்பத் திரும்ப வேயவேணும். இரண்டு உலகப்போர்களுக்கும் இடையில இங்கிலாந்தின் விவசாயம் விழுந்து கிடந்தது, பண்ணைக் கூலி குறைவு, பல குடிசைகளில குழாய்த் தண்ணி இல்லை. 1:76 அளவில வாடகைப் பாக்கியைச் செய்து வைக்க ஏலாது. றோய்க்கு இழப்பாத் தெரிஞ்ச புதுக் கூரை, உள்ளுக்குப் படுத்தவருக்கு நிம்மதியா இருந்திருக்கலாம்.

மற்றது இன்னும் சிக்கல். பென்டனில இருக்கிற ஊரின்ர பெயர் பென்டன் பார்வா. அப்பிடி ஒரு ஊர் எங்கேயும் இல்லை. குடிசைகள் உண்மை. ஆனா வெவ்வேறு கிராமங்களில நின்ற வீடுகள் இங்க அயலட்டையாகியிருக்கு. அதுகளை ஒரே தெருவா எங்களை நம்ப வைக்கிறது செங்கல்லில்லை, அதுகளுக்கு நடுவில போட்ட வேலி, ஒழுங்கை, சுவரடிப் புல். அளந்து செய்தது கட்டடம், கற்பனையில செய்தது நிலம். ஆனா முதல் சந்தேகம் எங்களுக்குக் கட்டடத்திலதான் வருது, நிலத்தை ஒருத்தரும் கேள்வி கேட்கிறதில்லை.

இதுக்காக றோயைப் பொய்யர் எண்டு நாங்கள் சொல்லேல்லை. அவர் 1995இல் இறந்திட்டார், தொண்டர்கள் இண்டைக்கும் அந்த வேலையைச் செய்யினம். ஒரு குடிசையை மட்டும் தூக்கிப் பார்த்தா அது நல்ல ஆவணம். எந்த ஊரில நின்றது எண்ட விபரத்தோட தனியா ஒரு அலுமாரியில வைச்சிருந்தா இன்னும் நேர்மையா இருந்திருக்கும். ஆனா அலுமாரியில வைச்ச வீட்டைப் பார்க்க எத்தினை பேர் அந்தக் கிராமத்துக்கு பஸ் ஏறுவினம்?