மட்டையும் கூலியும்

தோப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பந்து நன்கு தெரியும்; டென்னிஸ் ஆட்டம் தெரியாது. அறுவடை முடிந்த வயலில் மூன்று தடிகளை நட்டு, மென்பந்துக் கிரிக்கெட் ஆடுவதற்காக அந்தப் பந்தை அவர்கள் வாங்குகிறார்கள். அதற்குரிய மட்டையையும் வலையையும் சுண்ணாம்புக் கோடிட்ட திடலையும் நேரிற் கண்டவர் மிகச் சிலர். வரிப்பந்தாட்டம் என்று தமிழிற் பெயர் வைத்துவிட்டோம். பெயர் வந்து சேர்ந்த அளவுக்கு ஆட்டம் வந்து சேரவில்லை. 1957ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படை தளம் அமைத்திருந்த திருகோணமலைத் துறைமுகமோ கொட்டியாரக் குடாவுக்கு அப்பால்தான் இருக்கிறது. வெள்ளையர் கொண்டுவந்த ஆட்டங்களுள் கிரிக்கெட் கிராமத்து வயலுக்கு வந்தது. உதைபந்து கடற்கரை மணலுக்கு வந்தது. டென்னிஸ் மட்டும் கழகங்களின் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது ஏன்?

மட்டையின் விலை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. ஆட்டத்தையும் கூலியையும் ஒன்றுக்கொன்று தீட்டாக்கிய விதிதான் அது.

'அமெச்சூர்' என்ற சொல்லை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கனவான்கள் பெரிதும் போற்றினர். பொருளுக்காக அன்றி இன்பத்துக்காக ஆடுபவன் என்பது அதன் கருத்து. கேட்பதற்கு இனிமைதான். ஆனால் 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்கு வகுத்த விதியைப் படித்தால் அந்த இனிமை கசந்துவிடும். கூலிக்கு உழைக்கும் கம்மியனோ, கைவினைஞனோ, தொழிலாளியோ அமெச்சூர் ஆகமாட்டான் என்று அவ்விதி வெளிப்படையாகவே கூறிற்று. படகோட்டி ஒரு காசும் வாங்காதிருந்தாலும், கையால் உழைத்துப் பிழைப்பதே அவனை விலக்கப் போதுமானதாயிற்று. டென்னிஸ் அவ்வளவு அப்பட்டமாகப் பேசவில்லை. பணத்துக்கு ஆடுபவரும், பணம் பெற்று ஆட்டம் கற்பிப்பவரும் தொழிலாட்டக்காரர். விம்பிள்டனிலோ டேவிஸ் கிண்ணத்திலோ அவர்களுக்கு இடமில்லை என்ற அளவில் அது நிறுத்திக்கொண்டது.

கற்பிப்பவருமா? ஆசிரியத் தொழிலில் இருக்கும் எம்போன்றோர் இந்த இடத்திற் சற்று நின்றுதான் மேலே செல்ல வேண்டும். டான் மாஸ்கெல் என்பவர் 1929 முதல் விம்பிள்டன் கழகத்தின் பயிற்சியாளர். 1933இல் டேவிஸ் கிண்ணத்தை வென்ற பிரித்தானிய அணிக்குப் பயிற்சியளித்தவரும் அவரே. ஆயினும் தாம் நாள்தோறும் பிறருக்கு ஆட்டம் பழக்கிய அதே கழகத்தின் போட்டியில் அவர் பெயர் கொடுக்க முடியாது. சம்பளம் அவரைத் தடுத்தது. அந்த அணியின் தலைசிறந்த வீரர் பிரெட் பெரி, தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகன். 1934, 1935, 1936 என மூன்றாண்டுகள் தொடர்ந்து விம்பிள்டனை வென்றவர். 1936இன் இறுதியில் அவர் தொழிலாட்டத்துக்குச் சென்றதும், கழகம் அவருக்கு அளித்திருந்த கௌரவ உறுப்புரிமையைப் பறித்துக்கொண்டது. இந்தியாவின் கழகங்களில் 'மார்க்கர்' எனப்படும் ஊழியர் இருந்தனர். உறுப்பினர்களுக்குப் பந்து அடித்துக் கொடுத்து, ஆட்டம் பழக்கி, மாதச் சம்பளம் பெறுபவர்கள் அவர்கள். அவர்களுள் எத்துணைத் திறமையாளர் இருந்திருப்பினும், வெற்றியாளர் பெயர்ப் பலகையில் அவர்கள் பெயர் ஏற வழியிருக்கவில்லை.

கூலி பெற்றுக் கற்பிப்பவர் இவ்வாறு ஒதுக்கப்பட்டால், ஆட்டம் எவ்வழியாகப் பரவும்? கூலி பெறாது கற்பிப்பவர் ஒருவர் வேண்டும். தந்தையைவிட வேறு யார் அதற்குக் கிடைப்பார்? தமிழகத்தின் டென்னிஸ் வரலாறு பெரும்பாலும் தந்தையர் மைந்தர் வரலாறாக அமைந்ததன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

இராமநாதன் கிருஷ்ணன் 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் நாகர்கோவிலிற் பிறந்தார். அவர் தந்தை டி. கே. இராமநாதன் நாக்பூரில் ஆடிப் பெயர்பெற்ற வீரர். மகனுக்கு ஆசானும் அவரே. 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார். ஆசியர் ஒருவர் அதனை வென்றது அதுவே முதன்முறை. இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர், நான்காண்டுகளுக்குப் பின் அதே விம்பிள்டனின் ஆடவர் பட்டத்தை வென்றவர். சென்னை லயோலாக் கல்லூரி கிருஷ்ணனைத் தன் மாணவர் என்று பெருமையுடன் சொல்லிக்கொள்ளும்.

அவருடைய ஆட்டத்தில் வல்லடி இல்லை. தொடக்க அடி மென்மையானது. அதனைக் கண்டு அஞ்சிய எதிரி எவருமில்லை. எதிரி எங்கே இல்லையோ அங்கே பந்தை வைப்பது, எழும் பந்தை நிலத்தை ஒட்டியே எடுத்துத் திருப்புவது, விரைவைக் குறைத்தே எதிரியை நிலைகுலையச் செய்வது ஆகியன அவர் ஆயுதங்கள். கைத்தறி நெசவின் நுணுக்கத்தை ஒத்த கலை இது. நெசவைப் போலவே இதுவும் வீட்டுக்குள் தலைமுறை வழியாகக் கைமாறிற்று.

1959இல் கிருஷ்ணன் டேவிஸ் கிண்ண ஆட்டமொன்றில் அவுஸ்திரேலியாவின் ராட் லேவரைத் தோற்கடித்தார். தொழிலாட்டக் குழுவை நடத்திய அமெரிக்கர் ஜாக் கிரேமர், மூன்றாண்டுகளுக்கு 150,000 டொலர் உறுதியளித்து அவரை அழைத்தார். கிருஷ்ணன் மறுத்தார். ஏற்றிருந்தால் அன்றோடு விம்பிள்டன் இல்லை. டேவிஸ் கிண்ணமும் இல்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடொன்றின் பெயரைத் தோளிற் சுமந்து ஆடும் வாய்ப்பே இல்லை. இதனைத் தியாகம் என்று புகழ்வது எளிது. ஓர் இளைஞனை நாட்டுக்காக ஆடுவதா, உழைப்புக்கு ஊதியம் பெறுவதா என்று தேரச் சொன்ன விதியின் கொடுமையை அப்புகழ் மறைத்துவிடலாகாது.

1960இல் விம்பிள்டனின் அரையிறுதி வரை சென்று நீல் பிரேசரிடம் தோற்றார். 1961இல் காலிறுதியில் ராய் எமர்சனை நேர்செட்களில் வென்று, அரையிறுதியில் லேவரிடம் தோற்றார். இருமுறையும் அவரை வென்றவர்தான் பட்டத்தையும் வென்றார். 1962இல் நான்காம் தரவரிசை கொடுக்கப்பட்டிருந்தும், கணுக்கால் காயத்தால் இடையில் விலக நேர்ந்தது. லேவரோ அவ்வாண்டு நான்கு பெரும் பட்டங்களையும் ஒருசேர வென்றுவிட்டுத் தொழிலாட்டக்காரர் ஆனார். உடனே விம்பிள்டன் கதவு ஐந்தாண்டுகளுக்கு அவருக்கு மூடப்பட்டது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் இல்லாமலே உலகின் தலைசிறந்த போட்டி நடந்துகொண்டிருந்தது!

அமெச்சூர் பெருவீரர்களுக்குச் செலவுப்பணம் என்ற பெயரில் மேசைக்கு அடியில் காசு கைமாறியது ஊரறிந்த உண்மை. 1960இல் பாரிசிற் கூடிய உலக டென்னிஸ் சம்மேளனத்தில், இருசாராரும் கலந்து ஆடும் திறந்த போட்டிகளை அனுமதிக்கும் தீர்மானம் ஐந்தே வாக்குகளால் தோற்றது.

இந்த விதியின் இன்னொரு முகத்தை அமெரிக்காவிற் காணலாம். 1927இற் பிறந்த கறுப்பினப் பெண் அல்தியா கிப்சன், நியூயோர்க்கின் ஹார்லெம் தெருக்களில் வளர்ந்தவர். வெள்ளையரின் தேசியப் போட்டிக்குள் 1950இல்தான் அவர் நுழைய முடிந்தது. பின்னர் மிசூரி மாநிலத்து லிங்கன் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, ஆட்டத்தையே விட்டுவிட எண்ணினார். 1955ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஆசியச் சுற்றுப்பயணம் அவரை மீட்டது. அப்பயணத்தில் எம் இலங்கையும் ஒரு தரிப்பிடம். 1957இலும் 1958இலும் விம்பிள்டனை வென்றார். பட்டங்களை உண்ண முடியாதல்லவா? தொழிலாட்டத்துக்குப் போனார். கூடைப்பந்துக் காட்சிகளுக்கு முன்னால் வேடிக்கை ஆட்டம் ஆடிப் பிழைத்தார். தொழிலாட்டக்காரருக்குக் கதவு திறந்தபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.

கிருஷ்ணனின் உச்சம் 1966. கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என நின்றது. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக்கிடம் இரண்டு செட்களை இழந்து, நான்காவது செட்டிலும் 2-5 எனப் பின்தங்கியிருந்த கிருஷ்ணன், அங்கிருந்து மீண்டு வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ண இறுதிக்குச் சென்றது. மெல்பேணில் அவுஸ்திரேலியாவிடம் 1-4 எனத் தோற்றது. அந்த ஒரு வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப், ரோச் இருவரையும் வீழ்த்தியது.

ஈராண்டு கழிந்து, 1968இல், பாசாங்கு முடிவுக்கு வந்தது. விம்பிள்டன் எல்லாருக்கும் திறந்தது. லேவர் திரும்பி வந்து வென்று 2,000 பவுண் பரிசு பெற்றார். பெண்கள் பிரிவில் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண் மட்டுமே. ஒரு தீண்டாமை ஒழிந்த மேடையிலேயே இன்னொன்று அமர்ந்திருந்ததை என்னென்பது! கிருஷ்ணனுக்கு அப்போது வயது 31; அவர் ஆட்டவாழ்வு முடியும் தறுவாய். அவர் பின்னாளில் சென்னையிற் சமையல் எரிவாயு விநியோக முகவரானார்.

விதி மாறியபின் கற்பிப்பவரின் நிலையும் மாறிற்று. 1966இல் விம்பிள்டன் இறுதி ஆட்டம் ஆடிய அமெரிக்கர் டெனிஸ் ரால்ஸ்டன், தொழிலாட்டத்துக்குச் சென்று, பிற்காலத்தில் டல்லஸ் நகரத்துச் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் பயிற்சியாளராகச் சம்பளத்துடன் அமர்ந்தார். தொழிலாட்டக்காரன் கல்லூரி ஆசானாவது அங்கே இயல்பான வாழ்க்கைப் பாதையாயிற்று. எம் கல்லூரிகளில் அத்தகைய பதவிகள் உருவாகவில்லை. குடும்பமே பள்ளிக்கூடமாக நீடித்தது. கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979இல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1987இல் இந்தியாவை மீண்டும் டேவிஸ் கிண்ண இறுதிக்குக் கொண்டுசென்றவர்களுள் அவரும் ஒருவர். தந்தையின் அதே மென்மையான கை!

சென்னையின் மற்றொரு குடும்பம் அமிர்தராஜ் குடும்பம். விஜய், ஆனந்த் சகோதரர்கள் ஊதியத்துக்கு ஆடியவர்கள். ஊதியத்துக்கு ஆடுபவனுக்குக் கொள்கை இராது என்ற பழைய கனவான்களின் வாதத்துக்கு 1974 விடை கூறிற்று. இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது நிறவெறித் தென்னாபிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. வென்றிருக்கக்கூடிய கிண்ணம் ஆடாமலே தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. தம் வாழ்வின் பெருவாய்ப்பை இழந்தும் அச்சகோதரர்கள் அம்முடிவின் பக்கமே நின்றனர்.

1985இல் அக்குடும்பம் பிரிட்டானியா பிஸ்கட் கம்பனியின் பொருளுதவியோடு சென்னையில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. தெரிந்தெடுத்த சிறுவர்கள் அங்கே தங்கிப் பயின்றனர். தம் வீட்டுப் பிள்ளையல்லாத பிள்ளைக்கும் அவ்வித்தை முறையாகக் கைமாறத் தொடங்கிற்று. கல்கத்தாவிலிருந்து அங்கே வந்து பயின்ற லியாண்டர் பயஸ் 1990இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்தையும் வென்றார். அவருடைய பெற்றோரும் விளையாட்டு வீரர்களே. அத்திட்டத்திற் சேர்ந்த சிறுவர்களின் தொகையோ விரல்விட்டு எண்ணத்தக்கது.